கதவில் ஒட்டிய நோட்டீஸ்: கடலூர், சிதம்பரம் பக்கம் நிலம் எடுத்த கதையிலிருந்து சில குறிப்புகள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடற்கரைக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கிற ஒரு கிராமத்துல எங்க பெரியப்பா வீடு. பொங்கலுக்குப் போயிருந்தப்ப பரண்ல கிடந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாங்க. பழைய தீர்வை ரசீது, கிரயப் பத்திர நகல், ரேஷன் கார்டு எல்லாத்துக்கும் அடியில பழுப்பேறிப்போன ஒரு தாள். பாதி கிழிஞ்சிருந்தது. மேலே சர்வே எண், அதுக்குக் கீழே தாத்தா பெயர். இன்ன தேதி, காலை 11 மணிக்கு அலுவலகத்தில் ஆஜராகி, நிலம் எடுப்பதில் ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்க வேண்டியது, தவறினால் ஆட்சேபணை இல்லை என்று கருதப்படும்.

"அது ஒண்ணுமில்லடா தம்பி, ரோட்டுக்கு நிலம் எடுத்தப்ப வந்த காகிதம்" என்றார் பெரியப்பா.

"தாத்தா போனாரா?"

"அது வந்தப்ப உங்க தாத்தா செத்து ஒன்பது வருஷம். கதவுல ஒட்டிட்டுப் போயிட்டாங்க. மழையில நனைஞ்சு தொங்குச்சு. உங்க பெரியம்மாதான் பிச்சு எடுத்து உள்ள வச்சா."

செத்துப்போனவரை விசாரணைக்குக் கூப்பிட்ட அந்தத் தாள் எனக்கு ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நிலம் எடுப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் இழப்பீட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். ஏக்கருக்கு எவ்வளவு, வேலை கிடைத்ததா, கிடைக்கவில்லையா. அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. "உன் நிலத்தை எடுக்கப் போகிறேன், நீ என்ன சொல்கிறாய்?" என்று அரசு கேட்க வேண்டிய கட்டம். அந்தக் கேள்வியை யாரிடம், எப்படி, எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கடலூர் மாவட்டத்தில் அந்த வரலாறு முழுசாகவே நடந்திருக்கிறது. அதைப் பற்றிப் படித்ததில் எடுத்து வைத்த குறிப்புகள்தான் இது.

கேட்காமலே எடுத்த காலம்

பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் பொதுவாக வந்த முதல் நில எடுப்புச் சட்டம் 1857-ம் ஆண்டின் 6-ம் சட்டம். அதற்குப் பதிலாக 1870-ல் ஒன்று, அதற்கும் பதிலாக 1894-ல் ஒன்று. இந்த 1894 சட்டம்தான் நம் தாத்தா, அப்பா காலம் தாண்டி 2013 முடியும் வரை உயிரோடு இருந்தது.

அந்தக் காலத்தில் நிலம் எடுக்க முக்கியமான காரணம் ரயில். கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாக மாயவரம் போகும் பாதை 1870-களில் போடப்பட்டது. அப்போது நம் ஊர்கள் எல்லாம் தென்னாற்காடு ஜில்லா, தலைமையிடம் கடலூர். 1870 சட்டத்திலும் சரி, 1894 சட்டத்திலும் சரி, நிலம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நிலத்துக்காரருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பொதுக் காரியத்துக்கு இந்த நிலம் தேவை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் அதுவே இறுதிச் சான்று. நிலத்துக்காரர் வாய் திறக்கக்கூடிய ஒரே இடம், அதன் பிறகு நடக்கும் இழப்பீட்டு விசாரணை. பட்டாதாரர்கள் கலெக்டர் முன்னால் நின்று "என் நிலத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுங்க" என்று கேட்கலாம். "என் நிலத்தை விட்டுடுங்க" என்று கேட்க ஒரு பிரிவும் கிடையாது.

இது எவ்வளவு தூரம் ஒருதலைப்பட்சம் என்பது கல்கத்தாவில் நடந்த ஒரு வழக்கில் வெளிச்சத்துக்கு வந்தது. எஸ்ரா என்பவருடைய நிலத்தை எடுத்தபோது, கலெக்டர் தனக்குத் தெரியாத தகவல்களை வைத்துக்கொண்டு மதிப்புப் போட்டார், தனக்குச் சரியான வாய்ப்புத் தரவில்லை என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். விஷயம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1905-ல் அங்கே சொன்ன பதில் சுருக்கமாக இதுதான்: கலெக்டர் நீதிபதி இல்லை, அரசாங்கத்தின் ஏஜென்ட். அவர் சொல்லும் தொகை அரசாங்கம் வைக்கும் விலை. பிடிக்கவில்லையென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போய் கூடுதலாகக் கேட்டுக்கொள்.

1923-ல் இது மாறியது. அந்த ஆண்டின் 38-ம் சட்டம், 1894 சட்டத்துக்குள் 5-ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் செருகியது. நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்கு ஆட்சேபிக்க வழியே இல்லை, அரசாங்கமும் விசாரிக்கக் கடமைப்படவில்லை என்பதைத் திருத்தத்தின் நோக்கவுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள். அறிவிக்கை வந்து 30 நாளுக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுக்கலாம். கலெக்டர் நேரிலோ வக்கீல் மூலமாகவோ சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டதை அறிக்கையாக அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசி முடிவு அரசாங்கத்துடையது.

எங்க தகரப் பெட்டித் தாள் இந்த 5-ஏ-யின் பேரப்பிள்ளை.

செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது

முப்பது நாள் கொடுத்தார்கள், சரி. அந்த முப்பது நாள் ஓட ஆரம்பித்துவிட்டது என்று நெல் வயலில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சட்டம் இரண்டு வழி சொன்னது. ஒன்று அரசிதழ். புனித ஜார்ஜ் கோட்டை கெசட் 1832 முதல் வந்துகொண்டிருந்தது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். கடலூரில் இருந்த வக்கீல்கள் படித்திருக்கலாம். இரண்டாவது வழி, அறிவிக்கையின் சாரத்தை அந்த வட்டாரத்தில் வசதியான இடங்களில் பொது அறிவிப்பாகச் செய்ய வேண்டும் என்பது. நடைமுறையில் இதற்கு அர்த்தம் சாவடியில் ஒட்டுவது, அப்புறம் தண்டோரா.

நிலத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் தர வேண்டும் என்று அந்த முதல் கட்டத்தில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தனி நோட்டீஸ் வருவது 9-ம் பிரிவில், அதாவது எடுப்பது என்று முடிவான பிறகு, இழப்பீட்டுக்காக. அதனால்தான் அந்த "வட்டாரப் பொது அறிவிப்பு" இவ்வளவு முக்கியமாகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1967-ல் ராஜஸ்தானிலிருந்து வந்த கூப் சந்த் வழக்கில், கெசட்டில் மட்டும் போட்டுவிட்டு ஊரில் அறிவிக்காமல் விட்டால் அந்த அறிவிக்கையே செல்லாது என்றது. 1973-ல் முன்ஷி சிங் வழக்கில் இன்னொரு படி மேலே போனது. எதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொத்தாம்பொதுவாக "திட்டமிட்ட வளர்ச்சிக்கு" என்று எழுதினால், எதை எதிர்த்து ஆட்சேபணை எழுதுவது? அந்த நோட்டீஸால் பயனில்லை என்றது கோர்ட்.

சட்டத்தின் 45-ம் பிரிவு இன்னும் சுவாரசியமானது. நோட்டீஸை ஒருவரிடம் எப்படிச் சேர்ப்பிப்பது என்று அது வரிசையாகச் சொல்கிறது. முதலில் அந்த ஆளிடமே கொடு. ஆள் இல்லையென்றால் அவரோடு வசிக்கிற, வயது வந்த ஆண் குடும்ப உறுப்பினரிடம் கொடு. அப்படி ஓர் ஆணும் இல்லையென்றால் வாசல் கதவில் ஒட்டு, அல்லது அலுவலகத்திலோ கோர்ட்டிலோ கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டு, அதோடு அந்த நிலத்திலும் ஒட்டு.

மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்க. வீட்டில் மனைவி இருக்கிறார், அம்மா இருக்கிறார், கல்யாணமான மகள் இருக்கிறார். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு வீடு காலி. பெரியம்மா கதவுக்குப் பின்னால் அடுப்படியில் இருந்தபோது அவர் வீட்டுக் கதவில் ஏன் பசை தடவினார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இது ஏதோ ஒரு ஊழியரின் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. 1894-ல் எழுதின வரி 1980-களில் எங்க வீட்டு வாசலில் நின்றிருக்கிறது.

தண்டோரா போட்டவருக்கு யார் சொன்னது?

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தண்டோரா போடுவது கிராமப் பணியாளர் வேலை. பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர். ஏரி மதகு திறப்பு, வரி வசூல், ஏலம் என எதுவானாலும் அவர்தான் பறையடித்துச் சொல்வார். நில எடுப்பையும் அவர்தான் தெருத்தெருவாகச் சொல்லியிருப்பார். சிதம்பரம், காவிரிக் கடைமடைப் பகுதிகளில் அவருடைய குடிசை நின்றிருந்த மனையே பல ஊர்களில் மிராசுதாருடையது. அவருக்குப் பட்டா கிடையாது. ஊருக்கெல்லாம் நோட்டீஸ் சொன்னவருடைய பெயருக்கு ஒரு நோட்டீஸும் வந்திருக்காது. குடியிருப்பு மனைகளில் இருப்பவர்களுக்கே அதைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-ல்தான் வந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் சரியில்லை என்ற வாதம் எப்போதும் ஏழை விவசாயியின் ஆயுதமாக மட்டும் இருந்ததில்லை. ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுத்தபோதெல்லாம், நிலம் வைத்திருந்தவர்கள் இதே பிரிவுகளைக் காட்டி வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கெசட் தேதிக்கும் ஊர் அறிவிப்புத் தேதிக்கும் இடைவெளி, 5-ஏ விசாரணையில் துறையின் பதிலைக் கொடுக்கவில்லை என்று ஏதாவது ஒரு ஓட்டை கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்த வருடங்கள் முழுக்க மனை கேட்டவர்கள் புறம்போக்கில் கிடந்தார்கள்.

அதைச் சமாளிக்க 1978-ல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கென்று தனி நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நடைமுறை சுருக்கப்பட்டது. நிலத்துக்காரருக்கு "ஏன் எடுக்கக் கூடாது?" என்று ஒரு நோட்டீஸ், அவர் சொல்வதைக் கேட்டபின் மாவட்ட அரசிதழில் அறிவிப்பு, நிலம் அரசுக்குச் சொந்தம். அனந்தி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டைத் தவணை தவணையாகக் கொடுக்கலாம் என்ற ஒரு பகுதியை மட்டும் நீக்கியது. விசாரணை சுருக்கமாக இருக்கலாம், விசாரணையே இல்லாமல் போகக் கூடாது என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

ஆனால் ஒருமுறை சுருக்குப்பாதை போட்டுவிட்டால் அதில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், இல்லையா? அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நெய்வேலியும் சிப்காட்டும்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சுரங்கத்துக்காக ஊர் ஊராக நிலம் எடுக்கப்பட்டபோது கையில் இருந்தது 1894 சட்டம்தான். 30 நாள், ஆட்சேபணை, அறிக்கை. நாட்டுக்கு மின்சாரம் என்ற பேச்சுக்கு முன்னால், ஒரு குடியானவர் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணைக்கு எவ்வளவு எடை இருந்திருக்கும் என்று நீங்களே யோசிச்சுக்கலாம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குக் குடிகாடு, செம்மங்குப்பம் பக்கத்து வாசனையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே சிப்காட் 1980-களில் வந்தது. அப்போது சட்டம் கேட்ட கேள்வி நிலம் யாருடையது என்பது மட்டும்தான். பக்கத்து ஊர்க்காரர் கிணற்றுத் தண்ணீர், உப்பனாற்றில் மீன் பிடிக்கிறவர் பிழைப்பு ஆகியவற்றை வைத்து ஒருவர் பேச வேண்டுமென்றால், அவர் "நிலத்துக்காரர்" இல்லை. அவருக்கு நோட்டீஸும் இல்லை, விசாரணையும் இல்லை.

இதே காலத்தில்தான் 1984-ல் சட்டம் திருத்தப்பட்டது. கெசட்டோடு, அந்த வட்டாரத்தில் புழங்குகிற இரண்டு தினசரிகளிலும் அறிவிக்கை வர வேண்டும், அதில் ஒன்றாவது உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். கெசட், பேப்பர், ஊர் அறிவிப்பு மூன்றில் எது கடைசியாக வருகிறதோ அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு. காகிதத்தில் பெரிய முன்னேற்றம். அடுத்த சண்டை "புழங்குகிற" என்ற சொல்லில் வந்தது. யாரும் வாங்காத பேப்பரில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்றால்? தமிழ்நாட்டிலிருந்தே இப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேப்பருக்கு ஓரளவு பரவலான விற்பனை இல்லை, வேறு வழியிலும் தனக்குத் தகவல் வரவில்லை என்று ஒருவர் காட்டினால் அவர் வாதத்துக்கு வலு உண்டு, ஆனால் எப்படியோ தகவல் தெரிந்துவிட்டவர் பேப்பரைக் குறை சொல்லித் தப்ப முடியாது என்ற அளவில் அது முடிந்தது.

பந்தல் போட்ட விசாரணை

1997 ஏப்ரலில் வேறொரு கதவு திறந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் "பொது விசாரணை" சேர்க்கப்பட்டது. மக்கள் வழக்கில் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006 செப்டம்பர் 14-ல் வந்த புது அறிவிக்கை இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம். கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அதிகாரியோ தலைமை. முழுவதும் வீடியோ பதிவு.

இந்த விசாரணைக்கும் பழைய 5-ஏ விசாரணைக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது, பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 5-ஏ என்பது சர்வே எண்ணும் பட்டாவும் உள்ளவர் அலுவலகத்தில் தனியாகப் போய்ச் சொல்வது. கருத்துக் கேட்பு என்பது பந்தலில் எல்லோரும் பேசுவது. மீனவர், கூலிக்காரர், குத்தகைக்காரர் எல்லோரும் மைக் பிடிக்கலாம். ஆனால் இதற்கு யார் வீட்டுக்கும் தனி நோட்டீஸ் வராது. பேப்பரைப் பார்த்தால் உண்டு. கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்றும் விதி கிடையாது. சட்டம் கட்டாயமாக உள்ளூர் மொழியில் கேட்பது அறிக்கையின் சுருக்கத்தை மட்டும்தான். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை இங்கிலீஷில் கலெக்டர் ஆபீஸில் இருக்கும். 2020-ல் வரைவு அறிவிக்கை ஒன்று இந்த 30 நாளை 20 ஆகக் குறைக்கப் பார்த்தபோது நாடு முழுக்க எதிர்ப்பு வந்தது ஞாபகம் இருக்கலாம்.

சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. பரங்கிப்பேட்டை அருகே கொத்தட்டை, அரியகோஷ்டி பக்கம் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். அனல் மின் திட்டம். 3,600 மெகாவாட். கருத்துக் கேட்பு முடிந்து 2010-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் பசுமைத் தீர்ப்பாயம் போனார். அந்தக் கடற்கரையில் வேறு பல திட்டங்களும் வரிசையில் நிற்கின்றன, எல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்று பார்த்தீர்களா என்பது முக்கியமான கேள்வி. 2012 மே மாதம் தீர்ப்பாயம், ஒட்டுமொத்தத் தாக்கத்தை ஆய்வு செய்து அனுமதியை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. எந்தத் தகவலைக் கையில் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதும் நோட்டீஸின் ஒரு பகுதிதான் என்று இதைப் படித்தபோது தோன்றியது. பாதித் தகவலைக் கொடுத்தால் பாதி ஆட்சேபணைதான் எழுத முடியும்.

ஒரு கையால் கொடுத்து

முன்னே சொன்ன சுருக்குப்பாதைக்கு வருவோம். 1978 சட்டத்தின் மாதிரியில், தொழில் தேவைக்கு நிலம் எடுக்க 1997-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது, நெடுஞ்சாலைக்கு 2001-ல் இன்னொன்று. தொழிற்சட்டத்தில் உரிமையாளருக்கும் உரிமை கோருபவருக்கும் "ஏன் எடுக்கக் கூடாது?" என்ற நோட்டீஸ் உண்டு. அவர்கள் சொன்னதைப் பரிசீலித்து அரசிதழில் அறிவித்த அன்றே நிலம் அரசிடம் போய்விடும். பணம் பின்னால் வரும். வீட்டுமனை இல்லாதவர்களுக்காகச் சுருக்கிய நடைமுறையின் பலன் தொழிற்பேட்டைகளுக்கும் கிடைத்தது.

2013-ல் நாடாளுமன்றம் 1894 சட்டத்தைத் தூக்கிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. நோட்டீஸ் விஷயத்தில் அது உண்மையிலேயே பெரிய மாற்றம். கெசட், இரண்டு பேப்பர், அதோடு உள்ளூர் மொழியில் பஞ்சாயத்திலும் தாலுகா ஆபீஸிலும் கலெக்டர் ஆபீஸிலும், அரசு இணையதளத்திலும் அறிவிக்க வேண்டும். கிராம சபையைக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஆட்சேபணைக்கு 60 நாள். அதற்கும் முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு, அதற்காக அந்த ஊரிலேயே பொது விசாரணை. முதல்முறையாக விவசாயக் கூலிகளும் குத்தகைக்காரர்களும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்ற வரையறைக்குள் வந்தார்கள். தண்டோரா போட்டவரின் பேரனுக்கும் ஓர் இடம் கிடைத்தது என்று சொல்லலாம்.

ஆனால் தமிழ்நாடு, 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துத் தன்னுடைய மூன்று சட்டங்களையும் இதிலிருந்து விலக்கிக்கொண்டது. இழப்பீட்டு விகிதமும் மறுவாழ்வும் புதுச் சட்டப்படி, நோட்டீஸும் விசாரணையும் பழைய சுருக்குப்பாதைப்படி. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அந்தச் சட்டங்களுக்கு உயிர் கொடுத்துப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. 2021 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

அதனால் இன்று கடலூர் மாவட்டத்தில் ஒருவருக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது எந்தச் சட்டத்தில் நிலம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2013 சட்டம் என்றால் 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் 21 நாள். மாநிலச் சட்டம் என்றால் கையில் வந்த நோட்டீஸில் உள்ள தேதி. பக்கத்துப் பக்கத்து வயல், ஒன்று ரோட்டுக்கு, ஒன்று தொழிற்சாலைக்கு என்றால், வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு.

வளையமாதேவி

2023 ஜூலை 26. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வளையமாதேவிப் பக்கம் நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை எல்லோரும் பார்த்தோம். போலீஸ் பாதுகாப்போடு வந்தார்கள். இந்த நிலங்கள் 2006 முதல் 2013 வரையிலான காலத்தில் எடுக்கப்பட்டவை, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்று என்.எல்.சி. சொன்னது. காகிதத்தில் பத்து வருடத்துக்கு முன்பே நிலம் கைமாறிவிட்டது. வயலில் போகம் போகமாக நடவு தொடர்ந்துகொண்டிருந்தது. கதிர் வரும் வரை பொறுக்கக் கூடாதா என்று நீதிபதி ஒருவரே கேட்கும் அளவுக்குப் போனது. பாழான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படியும், அறுவடை முடித்து செப்டம்பர் 15-க்குள் நிலத்தை ஒப்படைக்கும்படியும் உயர் நீதிமன்றம் சொன்னது.

சட்டப்படி யார் சரி என்பதைத் தாண்டி எனக்கு இதில் தெரிவது ஒன்று. நோட்டீஸ் கொடுத்தோம் என்று ஒரு தரப்பு கோப்பைக் காட்டுகிறது. நிலம் இன்னும் என்னுடையது மாதிரிதான் இருந்தது என்று இன்னொரு தரப்பு வயலைக் காட்டுகிறது. நோட்டீஸ் ஒரு நாளில் முடிகிற காரியம் என்று நினைக்கும்போது இந்த இடைவெளி வருகிறது. பத்து வருடம் கழித்து வரும் இயந்திரத்துக்கு முன்னால் இன்னொரு முறை சொல்லுவது சட்டக் கடமையோ இல்லையோ, நடவு நட்டவருக்கு அது தேவைப்பட்டது.

பட்டாவில் யார் பெயர்?

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி இருக்கிற காலத்தில் ஒரு மனிதரைத் தெருத்தெருவாகப் பறையடிக்க வைப்பது அவருடைய கண்ணியத்துக்கு இழுக்கு என்பது காரணம். நியாயமான முடிவு. பறை போனது, வெப்சைட் வந்தது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், கொல்கத்தா மாநகராட்சி வழக்கு ஒன்றில், சொத்துரிமை என்பது ஏழு சிறு உரிமைகள் சேர்ந்தது என்று பட்டியல் போட்டது. இழப்பீடு அதில் ஐந்தாவதாக வருகிறது. முதலாவது, நோட்டீஸ் பெறும் உரிமை. இரண்டாவது, தன் வாதத்தைச் சொல்லும் உரிமை. 1894-ல் இல்லாத ஒன்று, 130 வருடம் கழித்துப் பட்டியலின் தலையில் நிற்கிறது.

இருந்தாலும் எங்க தகரப் பெட்டிப் பிரச்சினை தீரவில்லை. நோட்டீஸ் எந்தச் சட்டத்தில் வந்தாலும் அதிகாரி பார்ப்பது வருவாய்த் துறைப் பதிவேட்டைத்தான். பதிவேட்டில் உள்ளவருக்கு அனுப்பினால் போதும் என்று கோர்ட்டுகளும் பலமுறை சொல்லியிருக்கின்றன. 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதையொட்டிய வருடங்களில் யு.டி.ஆர். என்று பட்டாப் பதிவேட்டைப் புதுப்பித்தார்கள். அதில் விழுந்த பிழைகளை இன்றுவரை தாலுகா ஆபீஸ்களில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். வாய்வழிப் பாகப்பிரிவினை, பதிவு செய்யாத தானம், பெயர் மாற்றாத வாரிசு எல்லாம் சேர்ந்து, நம் ஊர்களில் எத்தனையோ சர்வே எண்களுக்கு இன்னமும் செத்தவர்கள்தான் உரிமையாளர்கள்.

படிக்கிற உங்களுக்கு உபயோகமாக மூணே விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஊரில் நிலம் இருந்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஆன்லைனில் ஒருமுறை பாருங்க. நோட்டீஸ் ஏதாவது வந்தால் தொகையைத் தேடாமல் முதலில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன தேதி என்று பாருங்க, நாள் கணக்கு அங்கேதான் இருக்கிறது. ஆட்சேபணையை வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்க.

கிளம்பும்போது பெரியப்பாவிடம் கேட்டேன், மிச்ச நிலத்துக்குப் பட்டா மாத்தியாச்சா என்று.

"மாத்தணும்டா. இன்னும் உங்க தாத்தா பேர்லதான் இருக்கு."

பெரியம்மா அந்தத் தாளை மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பெரியம்மா பெயரையும் சேர்த்து.